சிறுவிலை மடிக்கணினியின் முழுப்பயன்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் சங்கம் கடந்துவந்த பாதையைப் பேசுவது மரபு. அதனை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே செய்துவிட்டனர். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ வேறானது. விலை குறைந்த மடிக்கணினியிடமிருந்து நிறைந்த உழைப்பைப் பெறுவது எவ்வாறு என்பது பற்றி நான் பேச வேண்டும். இத்தலைப்பைக் கேட்ட பெரியவர் ஒருவர், “இது கடைக்காரர் பேச வேண்டிய பேச்சல்லவா, தம்பி? கல்விச் சங்கத்தின் மேடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று சற்று முன்னர் என்னை வினவினார். அவருக்குரிய விடையாகவே என் உரையைத் தொடங்குகிறேன்.

1907ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்பது. விலையையே பெயரில் ஏற்றிக்கொண்ட இதழ் அது. ஒரு பைசா என்பது அந்தத் தாளுக்கு விலையேயன்றி, அதில் அச்சேறிய அறிவுக்கு விலையன்று. கருவி மலிவானதாக இருக்கலாம். அதனைக் கையாளும் அறிவு மலிவானதாக இருத்தல் ஆகாது. நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இது. அந்தப் பாடத்தை இன்றைய கருவிக்குப் பொருத்திப் பார்ப்பதே என் நோக்கம்.

இன்று கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, அரசுப் பணித் தேர்வு ஆகிய எதற்கும் விண்ணப்பம் இணையத்தின் வழியே செல்கிறது. முற்காலத்தில் பள்ளிக்கூடத்தின் கதவு நமக்கு அடைக்கப்பட்டிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. ஆனால் அக்கதவின் முன் ஒரு திரை ஒளிர்கிறது. அத்திரை நம் பிள்ளை தட்டுகிறபோது திறக்க வேண்டும். கடைசி நாள் நள்ளிரவில் சக்கரம் சுழன்று நின்றுவிடக் கூடாது.

ஒரு தோட்டின் கதை

நம் மாலைப் படிப்பகத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவி ஒருத்தி, தன் அண்ணன் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியைப் பயன்படுத்தி வந்தாள். பொத்தானை அழுத்திவிட்டுத் தெருக்குழாய்க்குச் சென்று, ஒரு குடம் நீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாலும் அக்கணினி விழித்திருக்காது. உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போது கணினி உறைந்துபோயிற்று. அவள் அழுதுகொண்டே கணினி மையம் ஒன்றுக்கு ஓடி, வரிசையில் நின்று, மூடும் வேளையில் விண்ணப்பத்தை அனுப்பினாள்.

மறுநாள் அவள் தந்தையார் கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கே பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “போர்டு போய்விட்டது, இனி இது தேறாது, புதிது வாங்குங்கள்” என்றனர். புதிய கணினிக்காக அந்தத் தாய் தம் காதுத் தோட்டைக் கழற்றி வைத்தார். அடகுக் கடைக்குச் செல்லும் வழியில்தான் தந்தையார் படிப்பகத்திற்குள் வந்தார்.

திறந்து பார்த்தோம். போர்டு போகவில்லை. நோய் ஓரிடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தை மட்டும் மாற்றினோம். காற்றுவழியில் அடைத்திருந்த தூசியை அகற்றினோம். அன்று மாலையே அக்கணினி அரை நிமிடத்திற்குள் விழித்தெழுந்தது. தோடு தாயின் காதிலேயே தங்கிற்று. அம்மாணவி இன்றும் அதிலேதான் படிக்கிறாள். அந்த நோய் எது, அதனைக் கண்டறிவது எப்படி என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்துகொண்டால், நம் தெருவில் இன்னும் எத்தனையோ தோடுகள் காதிலேயே தங்கும்.

மாணவனும் பலகையும் பரணும்

கணினியின் உள்ளமைப்பை ஓர் எளிய உவமையால் விளக்குகிறேன். நம் வீட்டில் ஒரு மாணவன் தரையில் அமர்ந்து படிக்கிறான். அவன் முன்னே ஒரு சிறு பலகை. அவனுடைய புத்தகங்களெல்லாம் பரண் மேலுள்ள இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அந்த மாணவனே ப்ராசசர் எனப்படும் செயலகம். பலகையே ரேம் எனப்படும் நினைவகம். பரண்மேற் பெட்டியே ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு.

பலகை சிறிதாயின் என்ன நிகழும்? இரண்டு புத்தகங்களை விரித்தவுடனே இடம் தீர்ந்துவிடும். மூன்றாவதை விரிக்க வேண்டுமாயின், ஒன்றைப் பரண்மேல் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வரவேண்டும். அவன் படிக்கும் நேரத்தைவிட ஏறி இறங்கும் நேரமே மிகுதியாகும். பார்ப்பவர், “இவன் மந்தமானவன்” என்பர். அவன் மந்தமானவன் அல்லன், அவனுக்குத் தரப்பட்ட பலகை சிறிது, பரண் உயரம்.

பரணின் உயரத்தைக் கணக்கிட்டும் காட்டலாம். பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அதாவது விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய செய்தி ஊசிமுனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசி தன் இடத்திற்கு நகரவும் நேரம் வேண்டும். இரண்டையும் கூட்டினால், அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது விநாடிக்கு ஏறத்தாழ 60, 70 முறைதான் எடுத்துத் தர இயலும். கணினி விழித்தெழும்போது தேடவேண்டிய சிறு கோப்புகளோ பல்லாயிரம். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் ஊசியும் இல்லை. அது இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். பரணிலிருந்த பெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் இறக்கி வைத்தாற்போன்றது அது. அந்த மாணவியின் கணினியில் நாங்கள் மாற்றியது இந்த ஒன்றைத்தான்.

முதலில் நோயறிதல்

ஆயினும், கணினி மெதுவாயிற்று என்றவுடன் எஸ்.எஸ்.டி. வாங்க ஓடாதீர்கள். மருத்துவர் நாடி பார்த்த பின்பே மருந்து தருகிறார். கணினிக்கும் நாடி உண்டு. விண்டோஸ் உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் தோன்றும். அதில் செயலகம், நினைவகம், வட்டு ஆகிய மூன்றுக்கும் நேரே நூற்றுக்கு எத்தனை என்ற எண் இருக்கும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே ஐந்து நிமிடம் அவ்வெண்களைக் கவனியுங்கள்.

வட்டின் எண் இடைவிடாது 100-ஐத் தொட்டு நிற்குமாயின், குற்றம் பரணில். நினைவகத்தின் எண் 90-க்கு மேல் நிற்குமாயின், பலகை போதவில்லை; அப்போது வட்டின் எண்ணும் உடன் ஏறக்கூடும். செயலகத்தின் எண் உயர்ந்திருந்து, விசிறி இரைந்து, அடிப்பாகம் கையைச் சுடுமாயின், குற்றம் வெப்பத்தில் இருக்கலாம். இம்மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவரிடம், “போர்டு போய்விட்டது” என்று எளிதில் சொல்லிவிட எவராலும் இயலாது. அறியாதவனிடம் கேட்கப்படும் விலை வேறு; அறிந்தவனிடம் கேட்கப்படும் விலை வேறு. இது நிலப் பத்திரத்திலும் உண்மை, மடிக்கணினியிலும் உண்மை.

காசில்லா மருத்துவம்

ஒரு காசும் செலவிடாமல் செய்யத்தக்கவை சில உள்ளன. அவற்றை முதலில் செய்து முடியுங்கள்.

கணினி விழிக்கும்போதே அழையா விருந்தாளிகளாகப் பல செயலிகள் உடன் எழுகின்றன. டாஸ்க் மேனேஜரிலேயே ‘ஸ்டார்ட்-அப்’ என்னும் பகுதியில் அவற்றின் பட்டியல் உண்டு. வேண்டாதவற்றை நிறுத்தி வையுங்கள். இரண்டு, மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களை வைத்திருப்பது பாதுகாப்பன்று. ஒரு வாசலில் மூன்று காவலர் நின்று ஒருவரையொருவர் சோதிப்பது போன்றது. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் ஒன்றே மாணவருக்குப் போதும். வட்டில் ஐந்தில் ஒரு பங்காவது வெற்றிடமாக இருக்கட்டும். பழைய திரைப்படங்களைப் பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

சிறு நினைவகத்தை விழுங்குவதில் முதலிடம் பெறுவது பிரௌசர் என்னும் இணைய உலாவி. இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியைக் குறை கூறுவது முறையாகாது. படிக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் துணைக் கருவி ஒன்றை உலாவியில் சேர்த்தால், பக்கம் விரைவில் திறக்கும்; வீட்டின் இணையச் செலவும் குறையும். பாடக் காணொலியை 1080 என்னும் அளவில் பார்க்க வேண்டியதில்லை. கரும்பலகை எழுத்துத் தெரிய 480 போதும்.

மற்றொன்றும் சொல்வேன். சில கணினிகள், தம் நிறுவனத்தின் சார்ஜரல்லாத வேறொன்றைச் செருகினால், அதனை ஏற்றுக்கொள்ளாமல் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மின்சேமிப்பு நிலையில் வைக்கப்பட்ட கணினியும் மெதுவாகவே ஓடும். இவ்விரண்டையும் பார்த்த பின்பே பிற ஐயங்களுக்குச் செல்லுங்கள்.

சூடு என்னும் பகை

நம் பறை ஈரக் காற்றில் தளர்ந்துவிட்டால் நாம் அதைத் தூக்கி எறிவதில்லை. நெருப்பில் காய்ச்சி மீண்டும் முழங்கச் செய்கிறோம். பறைக்குச் சூடு வேண்டும். கணினிக்குச் சூடு ஆகாது. செயலகத்தின் வெப்பம் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, தான் எரிந்துபோகாமலிருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. தகரக் கூரையின் கீழும் கல்நார்க் கூரையின் கீழும் சித்திரை மாத நண்பகலில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த வெம்மையில் பாயின் மீதும் தலையணையின் மீதும் கணினியை வைத்தால், அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். ஒரு மரப்பலகையின் மீது வைத்து, பின்புறத்தை விரலளவு உயர்த்தி விடுங்கள். செலவில்லை, பயனோ பெரிது.

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினியைத் திறந்து விசிறியின் தூசியை அகற்ற வேண்டும். செயலகத்தின் மேல் பூசப்பட்ட தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். திறக்குமுன் மின்னிணைப்பைத் துண்டியுங்கள், பாட்டரியைக் கழற்றுங்கள், உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். பாட்டரி உப்பியிருக்கக் கண்டால் அக்கணத்திலிருந்து அதைப் பயன்படுத்தாதீர்கள். அழுத்தவும் குத்தவும் வேண்டாம். அது தீப்பற்றக் கூடியது.

சிறு செலவும், எழுதி வைத்த வரம்பும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. தொடக்கத்தில் வந்த கணினிகளில் நினைவகம் 2 ஜிபி. வன்தட்டு 320 ஜிபி. நம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டிற்குள் நுழைந்த முதற் கணினி அதுவே. அவற்றுட் சில இன்றும் பரணில் உறங்குகின்றன. பின்னர் வந்தவை 4 ஜிபி நினைவகம் கொண்டவை. இவற்றிற் பெரும்பாலானவற்றின் வன்தட்டைக் கழற்றி, அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யை அதே இடத்தில் பொருத்தலாம். 240 ஜிபி அளவுள்ளது மாணவருக்குத் தாராளம். நினைவகம் வாங்குமுன், உள்ளே காலியான செருகிடம் உண்டா, வேண்டுவது எந்த வகை என்பவற்றைப் பாருங்கள். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிற்று. ஆகவே பழுதான கணினிகளிலிருந்து கழற்றிய நல்ல நினைவகத் துண்டுகளைப் போற்றி வைத்தல் நலம்.

இங்கே உங்கள் கவனத்திற்குரிய ஒரு செய்தி உண்டு. விண்டோஸ் 7 வெளிவந்த காலத்தில், மலிவான சிறு கணினிகளுக்கென்று ‘ஸ்டார்ட்டர்’ என்னும் பதிப்பொன்றை விற்றார்கள். அப்பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. நீங்கள் காசு கொடுத்து 4 ஜிபி பொருத்தினாலும் அது 2 ஜிபியோடு நின்றுவிடும். திரையின் பின்புறப் படத்தை மாற்றும் உரிமைகூட அதில் இல்லை. இயந்திரத்தால் இயலாமையா அது? இல்லை. 4 ஜிபியை ஏற்கக்கூடிய இயந்திரமாயின், அதிலேயே வேறொரு இயக்க முறைமையை ஏற்றினால் 2 ஜிபிக்கு மேற்பட்டதும் பயன்படும். எல்லை இயந்திரத்தில் இல்லை. ‘உனக்கு இவ்வளவுதான்’ என்று எவரோ எழுதி வைத்த விதியில் இருந்தது.

அன்பர்களே! இப்படி எழுதி வைக்கப்பட்ட வரம்புகளைப் பற்றி நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எது இயற்கையின் எல்லை, எது மனிதன் இட்ட எல்லை என்று பிரித்தறிவதுதான் கல்வி.

கதவு அடைபட்ட பின்

இன்னொரு வரம்பு அண்மையில் வந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை அந்நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விரும்பிப் பதிவு செய்யும் தனியாருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு தவணை அளித்தது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், தான் பட்டியலிட்ட செயலகங்களுள் ஒன்றும் இருக்க வேண்டும் என்கிறது. 2017-க்கு முற்பட்ட செயலகங்கள் பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை. நன்கு ஓடிக்கொண்டிருக்கும் கணினியும், பட்டியலில் பெயரில்லை என்பதால் வாசலில் நிறுத்தப்படுகிறது.

இதற்கு மாற்று லினக்ஸ். அதற்கு விலையில்லை, எவரும் படியெடுத்து எவருக்கும் வழங்கலாம். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய போஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அதனை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர் நம்மிடையே சிலரே. சொல்லித் தருவார் இல்லை. இன்று 4 ஜிபி உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு பொருந்தும், 2 ஜிபி உள்ளதற்கு லுபுண்டுவை முயலலாம், அதுவும் கனமெனத் தோன்றினால் ஆண்டிஎக்ஸ் உண்டு. லிப்ரே ஆபீஸில் கட்டுரையும் கணக்கும் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

நிறுவுமுன் ஒரு பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் எதுவும் அழியாது. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி இசைகிறதா என்று சோதித்த பின் முடிவு செய்யுங்கள். உண்மையை மறைக்காமல் கூறவேண்டும்: சில தேர்வு மென்பொருள்களும் சில கல்லூரிப் பாட மென்பொருள்களும் விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஆகவே, படிப்பகத்தில் ஒரு கணினியையாவது விண்டோஸுடன் வைத்திருத்தல் வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது: வட்டை மாற்றுமுன், உள்ளிருக்கும் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று ஆகியவற்றின் படிகளை வேறு இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள். ஒரு சாதிச் சான்றிதழுக்காக எத்தனை நாள் அலைந்தோம் என்பது நம் தந்தையருக்குத் தெரியும். கணினி போனால் வாங்கலாம். காலம் போனால் வாங்க முடியாது.

இரண்டாவது: ‘வேகத்தை இருமடங்காக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பாதீர்கள். பலகையை அகலமாக்க மரம் வேண்டும்; மந்திரத்தால் அகலமாகாது. பூட்டுடைத்த திருட்டு மென்பொருள்களும் வேண்டா. அவற்றோடு திருடனும் உள்ளே வருவான். நம்ப முடியாத குறைந்த விலையில் மிகுந்த கொள்ளளவு என்று விற்கப்படும் சேமிப்பகங்களுள் போலிகள் உண்டு.

மூன்றாவது: புதிதாக வாங்கும்போது விலையை மட்டும் பாராதீர்கள். 32 ஜிபி சேமிப்பகத்தைப் போர்டிலேயே பற்றவைத்து விற்ற சிறு கணினிகள் உண்டு. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு, புதிய கணினிக்குக் குறைந்த அளவே 32 ஜிபி என்று கூறிற்று. வீட்டின் அளவும் கட்டிலின் அளவும் ஒன்றாயின் மனிதர் எங்கே நிற்பது? அத்தகைய கணினியைப் பின்னர் விரிவாக்கவும் வழியில்லை. வாங்குவோர் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ளதாக, நினைவகத்தைக் கூட்டச் செருகிடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழையது போதும் என்பதன்று

என் பேச்சைக் கேட்டுவிட்டு, “இவர்களுக்குப் பழைய கணினியே போதும்” என்று எவரேனும் கூறுவாராயின், அவருக்கு என் மறுப்பை இம்மேடையிலேயே பதிவு செய்கிறேன். பழைய புத்தகம், பழைய சட்டை, பழைய சோறு என்று நெடுங்காலம் வாழ்ந்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்குப் புதிய, தரமான கருவி வேண்டும் என்னும் கோரிக்கையில் நாம் அணுவளவும் தளரப் போவதில்லை. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. தகுதியுள்ள நம் பிள்ளைகளுள் ஒருவர் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. புதியதைக் கேட்டுப் பெறும் உரிமை ஒன்று. கையிலிருப்பதை முழுதும் ஆளும் அறிவு மற்றொன்று. இரண்டு கைகளாலும் இரண்டையும் பற்ற வேண்டும்.

கணினியைத் தூக்கி எறிவதற்கு இன்னொரு முகமும் உண்டு. எறியப்பட்ட மின்னணுப் பொருள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஊராரின் கழிவையெல்லாம் சுமந்த கைகள் யாருடைய கைகள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முறையின்றிச் செய்யப்படும் இடங்களில், கம்பியை எரித்துத் தாமிரம் எடுப்பதும், அமிலத்தில் இட்டு உலோகம் பிரிப்பதும் ஏழையின் கைகளே. ஈயமும் நச்சுப் புகையும் அவன் உடலில் சேருகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இக்கழிவு சேரவேண்டும் என்கின்றன. உண்மையிலேயே தேறாத கணினியை அவ்வழியில் ஒப்படையுங்கள். தேறக்கூடியதைத் தேற்றுங்கள்.

ஒரு மேசை வேண்டும்

நிறைவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 1924-இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவியபோது, விடுதிகளோடும் நூலகங்களோடும் தொழிற்பள்ளிகளையும் அதன் நோக்கங்களில் சேர்த்தார். நூலும் கருவியும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் வேண்டும் என்பது அதில் அடங்கிய கருத்து. இவ்வெள்ளிவிழாவின் நினைவாக நம் படிப்பகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை இடுங்கள். அதன்மேல் நல்ல திருப்புளித் தொகுதி ஒன்று, தூசி நீக்கும் தூரிகை ஒன்று, வட்டைப் படியெடுக்கும் கேபிள் ஒன்று, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ்கள் இரண்டு, வந்த கணினியின் நோயும் செய்த மருத்துவமும் எழுதி வைக்க ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் போதும். திருப்புளி ஆண்பிள்ளைகளின் கையில் மட்டும் இராமல் பெண்பிள்ளைகளின் கையிலும் இருக்கட்டும். பரணில் உறங்கும் கணினிகளைத் தாய்மார்கள் இறக்கிக்கொண்டு வாருங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு சொல். நான் படித்த காலத்தில், கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட என்னைப் பார்த்து, “இவன் மந்தம், இவனுக்கு ஏறாது” என்று ஓர் ஆசிரியர் கூறினார். இரவில் படிக்க என் வீட்டில் விளக்கு இல்லை என்பதை அவர் கேட்கவில்லை. மாலைப் பள்ளி நடத்திய மற்றோர் ஆசிரியர், திட்டவுமில்லை, பரிவு காட்டிப் பேசவுமில்லை, “உன் வீட்டில் எத்தனை மணிக்கு இருட்டும்?” என்று மட்டும் கேட்டார். பின்னர்ப் பள்ளியின் விளக்கை எனக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக எரியவிட்டார். ஒருவர் முடிவு கூறினார். மற்றவர் காரணம் கேட்டார். நான் இம்மேடையில் நிற்பது காரணம் கேட்டவரால்.

ஆகவே, மெதுவாக ஓடும் கணினியாயினும், பின்தங்கி நிற்கும் பிள்ளையாயினும், “தேறாது” என்று எவர் கூறினாலும் உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். தடை எங்கே என்று கேளுங்கள். திறந்து பாருங்கள். எண்ணிப் பாருங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்.

 ஜெய்பீம்!